பாமாண்ட் பிள்ளைகள் ஆடக் கற்றது எங்கே? – ஓர் ஆய்வு

பாயிரம்

1984 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான 'ஃபுட்லூஸ்' படத்தை இன்று மறுபடி போட்டுப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பழைய நாட்களின் ஏக்கத்தால் பார்க்கிறார்கள். ஏக்கம் ஆய்வு முறையாகாது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டால் திரையின் பின்வரிசையில் நிற்பவரின் கால் தெரியாது; இந்த ஆய்வோ முழுக்க முழுக்கப் பின்வரிசைக் கால்களைப் பற்றியது.

முதலில் கதைச் சுருக்கம். சிகாகோவிலிருந்து தாயோடு பாமாண்ட் என்ற சிற்றூருக்குக் குடிவருகிறான் ரென் மெக்கார்மக். அவ்வூரில் ஆடக் கூடாது என்று சட்டம். ஏனென்றால் சுமார் ஐந்தாண்டுகளுக்கு முன் ஆடிவிட்டுத் திரும்பிய இளைஞர்களின் கார் பாலத்தில் விபத்துக்குள்ளாகி, போதகர் ஷா மூரின் மகனும் உடனிருந்தவர்களும் இறந்துபோனார்கள். ரென் பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்களுக்காக நடன விருந்து கேட்கிறான். போதகரின் மகள் ஏரியல் அவன் பக்கம். நகர சபை மறுக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே ஒரு மாவு ஆலையில் விருந்து நடக்கிறது. சுபம்.

ஆய்வுச் சிக்கல் இந்தச் சுபத்தில்தான் தொடங்குகிறது. ஐந்தாண்டுத் தடையின் கீழ் வளர்ந்த பிள்ளைகள், அதாவது ஊர் தடை போட்டபோது பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இருந்தவர்கள், அந்த ஆலைக்குள் நுழைந்து சிறிது நேரத்துக்கெல்லாம் தரையில் முதுகால் சுழல்கிறார்கள். அலையலையாகக் கை முறிக்கிறார்கள். அடவு பிசகாமல் வரிசை மாற்றுகிறார்கள். ஆடவே கூடாத ஊரில் இவர்கள் ஆடக் கற்றது எங்கே? இதனை இனி 'பாமாண்ட் சிக்கல்' என்று குறிப்போம்.

"படம்தானே, விடுங்கள்" என்று தமிழ் வாசகர் சொல்லக்கூடும். நியாயமே. நம் படங்களில் நாயகனுக்குப் பின்னால் நாற்பது பேர் ஒரே சட்டையில் முளைத்தபோது நாம் யாரும் முகவரி கேட்டதில்லை. ஆனால் நம் படங்கள் ஒரு விஷயத்தில் நேர்மையானவை. 'இது ஆடத் தெரியாதவர்களின் ஊர்' என்று ஒன்றரை மணி நேரம் சத்தியம் செய்துவிட்டு அவர்களை முளைக்கவைப்பதில்லை.

பரபக்கம்

பிறர் கொள்கையைச் சொல்லி மறுத்த பின்னரே தன் கொள்கையை நிறுவ வேண்டும் என்பது நம் சமய நூலோர் காட்டிய வழி. அவ்வழியே செல்வோம்.

தொலைக்காட்சியே ஆசான் என்பர் ஒரு சாரார். எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சட்டம் கால்களைத்தான் கட்டும், கேபிள் கம்பியை எப்படிக் கட்டும் என்பது இவர்கள் வாதம். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் வில்லர்டை என்ன செய்வது? ரெனின் நண்பனான வில்லர்டுக்குத் தாளத்துக்கு விரல் சொடுக்கவும் வரவில்லை. டெனிஸ் வில்லியம்ஸின் பாட்டு பின்னணியில் ஓட, வயல்வெளியிலும் விளையாட்டு அரங்கிலும் அவனை இழுத்துக்கொண்டு போய் ஆடப் பழக்குகிறான் ரென். தொலைக்காட்சி எல்லோருக்கும் கற்பித்ததென்றால் வில்லர்டு வீட்டில் மட்டும் கற்பிக்க மறுத்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்ல இயலாமையின் அக்கொள்கை வீழ்ந்தது.

இரகசியப் பயிற்சி என்பர் வேறொரு சாரார். இவர்களுக்குச் சான்று உண்டு. சாலையோர பர்கர் கடையின் வெளியே, கேசட் ஒன்றை ஓடவிட்டுப் பிள்ளைகள் ஆடும் காட்சி. போதகர் வந்து நிற்கிறார், ஆட்டம் அடங்குகிறது. இது அவர்களுக்கு ஆடத் தெரியும் என்பதற்குச் சான்று. கற்பித்தவர் யார் என்பதற்குச் சான்றாகாது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாவது வயதில் அரங்கேறினாள் என்கிறது சிலம்பு. அதற்கே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒரு பட்டாளத்தை இளங்கோவடிகள் வரிசையாக நிறுத்துகிறார். பாமாண்டிலோ ஒரு கார். அதற்குள் ஒரு கேசட். குருவைக் காட்ட இயலாத சீடர்களை நம் மரபு ஏற்பதில்லை.

மூன்றாவது கொள்கை அடிதடிக் கொள்கை. இதைச் சொன்னவர்கள் படத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் என்பதால் கொஞ்சம் மதிப்போடு மறுக்க வேண்டும். ஆலை விருந்து தொடங்கும்போது பையன்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் விறைத்து நிற்கிறார்கள். பிறகு வெளியே ஏரியலின் பழைய காதலன் சக் தன் ஆட்களோடு வர, கைகலப்பு. அது முடிந்து ரென் உள்ளே வந்து ஆடச் சொன்ன மாத்திரத்தில் ஆலை அதிர்கிறது. அண்டை மாநிலத்து மதுவிடுதிக்கு ரென், ஏரியல், வில்லர்டு, அவன் தோழி ஆகிய நால்வரும் போன இரவிலும் ஆட்டமும் அடியும் சேர்ந்தே வந்தன. ஆகவே அடி விழுந்தால் ஆட்டம் வரும் என்பது இவர்கள் துணிபு. ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காக்கையின் வேலை என்று எழுதிவிட முடியாது. தவிர, விடுதியில் அடித்தவனும் வில்லர்டு, ஆடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனும் வில்லர்டு.

நான்காவதாக, 'படப்பிடிப்புக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்து வந்திருப்பார்கள்' என்று ஒரு கருத்து உலவுகிறது. படத்தின் இயக்குநர் ஹெர்பர்ட் ராஸ் தாமே நடன அமைப்பாளராக இருந்தவர், பாலே உலகை வைத்து 1977இல் 'தி டர்னிங் பாயிண்ட்' எடுத்தவர், இந்தப் படத்துக்கு லின் டெய்லர்-கார்பெட் நடனம் அமைத்தார் என்றெல்லாம் இவர்கள் அடுக்குவார்கள். இவர்கள் சினிமா அறிந்தவர்கள், ஆய்வு அறியாதவர்கள். ஒரு சிக்கலை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடும் கருத்து எதுவும் பல்கலைக்கழகங்களுக்கு உகந்ததன்று. மேலே செல்வோம்.

இடைப்பிறவரல்: கிடங்கு ஆட்டமும் பிறவும்

படத்தின் நடுவே ரென் தனியாக ஒரு பாழடைந்த கிடங்கில் ஆடுகிறான். மஞ்சள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், சிகரெட், பீர் பாட்டில், பிறகு கோபம். 'கோப நடனம்' என்றே ரசிகர் உலகம் இதற்குப் பெயர் வைத்துவிட்டது. இதனை மாதவி ஆடிய பதினோராடலில் எதிலாவது அடக்கலாமா என்று முயன்று பார்த்ததில், குடையும் இல்லை, குடமும் இல்லை, மரக்காலும் இல்லை. கம்பியில் தொங்கிச் சுழல்வதற்கு இளங்கோவடிகள் இடம் வைக்கவில்லை. தொல்காப்பியம் கைகொடுக்கிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் இது வெகுளி. வெகுளி பிறக்கும் நிலைக்களன்களாக உறுப்பை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை ஆகிய நான்கைத் தொல்காப்பியர் வகுத்தார். ரெனின் கை கால்கள் முழுதாக இருந்தன, யாரும் சாகவுமில்லை. ஆனால் கஞ்சா சிகரெட்டை வைத்து அவன் பெயரைக் கெடுக்கப் பார்த்தார்கள். ஊரே சந்தேகக் கண்ணால் பார்த்தது. அலைத்தல் என்பதில் வசையும் அடங்குமென்று கொண்டால் இலக்கணம் நிறைவுபெறுகிறது. எங்கோ அமெரிக்காவில் ஒரு பையன் பனியனோடு குதித்ததற்கும் பொருளதிகாரத்தில் இடமிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இக்காட்சியில் மறுபார்வையாளர் கட்டாயம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே ஆடுவது ஒருவரல்லர், ஐவர். நாயகனாக நடித்த கெவின் பேகனே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: நடனத்துக்கு ஒரு மாற்றாள், சாகசத்துக்கு ஒரு மாற்றாள், ஜிம்னாஸ்டிக்ஸுக்கு இருவர். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், முகம் தெரியும்போது கால் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும், கால் விளையாடும்போது முகத்தில் நிழல் விழுவதும் புலப்படும். படத்தின் தலைப்புக் காட்சியை நினைத்துப் பார்க்கலாம். அங்கே விதவிதமான செருப்பும் பூட்ஸும் மாட்டிய கால்கள் மட்டுமே ஆடுகின்றன; ஒரு முகமும் கிடையாது. இது முறையியல் பற்றி இயக்குநர் நமக்கு விட்ட எச்சரிக்கை என்றே கொள்ள வேண்டும். திருமண வீடுகளுக்குப் போனால் படத்தின் தலைப்புப் பாட்டைப் போடாமலிருக்க டிஜேக்குப் பணம் கொடுப்பதாகப் பேகன் சொன்னதை ரசிகர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை ஒன்றுமில்லை. மற்ற நால்வருக்கும் அழைப்பிதழ் போயிருக்காது.

வயது பற்றிய குறிப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். பேகன் 1958இல் பிறந்தவர். படம் வந்தபோது பள்ளி மாணவர் ரெனுக்கு வயது 25. ஏரியலாக நடித்த லோரி சிங்கர் 1957. அவருக்குத் தாயாக வரும் டயான் வீஸ்ட் 1948. தந்தையாக வரும் ஜான் லித்கோ 1945. போதகர் இல்லத்தில் தலைமுறை இடைவெளி என்று விமர்சகர்கள் எழுதியது தாய்க்கும் மகளுக்கும் ஒன்பது ஆண்டு, தந்தைக்கும் மகளுக்கும் பன்னிரண்டு ஆண்டு என்று வருகிறது. நடிகர் முரளியைக் கல்லூரி மாணவராகப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை தானும் கல்லூரி முடித்துப் பிள்ளைகளையும் கல்லூரியில் சேர்த்துவிட்ட நாட்டில், இதற்கெல்லாம் புருவம் உயர்த்துவது அடக்கமாகாது. உண்மையிலேயே பதின்வயதினரைக் காண விரும்புவோர் வில்லர்டையும் அவன் தோழி ரஸ்டியையும் பார்க்கலாம். கிறிஸ் பென்னும் சாரா ஜெசிகா பார்க்கரும் 1965இல் பிறந்தவர்கள்.

இனி நகர சபைக் கூட்டம். இது படத்தின் தத்துவ உச்சம் என்பதால் சற்று நின்று பேச வேண்டும். ரென் வேதாகமத்தைத் திறந்து வாதிடுகிறான். பக்கங்களைக் குறித்துக் கொடுத்தவள் போதகரின் மகளே. நடனத்தால் துதிக்கச் சொல்லும் 149ஆம் சங்கீதம், எல்லாவற்றுக்கும் காலம் வகுத்த பிரசங்கியின் மூன்றாம் அதிகாரம், உடன்படிக்கைப் பெட்டி வந்தபோது தாவீது ராஜா ஆடிய செய்தி. அரங்கில் ஒரே ஆரவாரம். சிறுவயதில் பார்ப்பவர்களுக்கு ரென் வென்றுவிட்டதாகத் தோன்றும்.

மறுபார்வையில்தான் போதகரின் மௌனம் உறுத்துகிறது. தாவீது ஆடியது சாமுவேலின் இரண்டாம் புத்தகம், ஆறாம் அதிகாரம். அதே அதிகாரத்தில் மனைவி மீகாள் பலகணி வழியே அந்த ஆட்டத்தைப் பார்த்து அவனை அவமதிக்கிறாள். வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்கவும் செய்கிறாள். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தில் மோசே மலையிலிருந்து இறங்கி வந்து கண்டது இரண்டு: பொன் கன்றுக்குட்டி, நடனம். கையிலிருந்த கற்பலகைகளை எறிந்து உடைத்துவிட்டார். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். ஏரோதின் பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடினாள். பரிசாகத் தாலத்தில் வந்தது யோவான் ஸ்நானகனின் தலை. மூன்று துருப்புச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருக்கிறார் ஷா மூர்! நம்மூர்ப் பட்டிமன்றத்தில் அணித்தலைவர் ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் அடுத்த ஆண்டு பொங்கலுக்கு எந்தத் தொலைக்காட்சியும் கூப்பிடாது.

விடை பின்னர் கிடைக்கிறது. ரெனுக்கு வேலை கொடுத்த ஆலை முதலாளி சொல்கிறார், நீ உள்ளே நுழையும் முன்பே வாக்குகள் போதகர் பைக்குள் இருந்தன என்று. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட சபையில் மேற்கோள் காட்டுவது வீண் செலவு என்பதை ஷா மூர் அறிந்திருந்தார். ஊரார் நூலகப் புத்தகங்களைத் தெருவில் எரிக்கும்போது ஓடிவந்து தடுப்பவரும் இதே மனிதர்தாம். லித்கோ இந்த வேடத்தை வில்லனாகவே நடிக்கவில்லை. படத்தில் உருப்படியான நடிப்பு அவருடையது என்பது இவ்வாய்வாளரின் கருத்து.

விருந்து எல்லைக்கு அப்பால் உள்ள ஆலைக்கு மாறுவதன் சட்ட நுணுக்கத்தை விழுப்புரம், கடலூர் மாவட்ட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. புதுச்சேரி எல்லைப் பலகையைத் தாண்டிய முதல் கடையில் நிற்பவர் கற்ற சட்டவியல்தான் ரெனும் கற்றது. ஆனால் மாவு ஆலை பற்றி ஒரு வார்த்தை. காற்றில் பறக்கும் மாவுத் தூசி வெடிமருந்துக்குச் சமம். 1878 மே 2 அன்று மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் மாவு ஆலை தூசி வெடித்துத் தகர்ந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். பிள்ளைகளின் உயிர்மேல் கவலைகொண்ட போதகர், சங்கீதத்தை விட்டுவிட்டுத் தீயணைப்பு விதியைப் பிடித்திருந்தால் சபையில் ரெனுக்கு வாயே திறந்திருக்காது.

சுபக்கம்

இனி நம் கொள்கை. பாமாண்ட் ஒரு கற்பனை ஊர். ஆனால் அதற்கு மூலம் உண்டு: ஒக்லஹோமா மாநிலத்தின் எல்மோர் சிட்டி. அங்கே 1898 முதல் பொது நடனத்துக்குத் தடை. 1980இல்தான் பள்ளி மாணவர்கள் போராடித் தங்கள் நடன விருந்தைப் பெற்றார்கள். செய்தியைப் படித்த டீன் பிட்ச்ஃபோர்ட் அந்த ஊருக்கே போய் வந்து திரைக்கதை எழுதினார். பாட்டுகளுக்கு வரி எழுதுவதிலும் அவர் கை உண்டு. அந்தப் பாட்டுகள் என்ன ஆயின என்பது இசையுலக வரலாறு. கென்னி லாகின்ஸின் தலைப்புப் பாட்டும் டெனிஸ் வில்லியம்ஸின் பாட்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. இசைத்தட்டு மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இருந்த இடத்தைப் பறித்துக்கொண்டது. நமக்கு அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது படப்பிடிப்பு நடந்த இடம். அது ஒக்லஹோமா அன்று, யூட்டா. பேசன் ஊரின் உயர்நிலைப் பள்ளிதான் பாமாண்ட் பள்ளி. 1906இல் எழுந்த லீஹை மாவு ஆலைதான் விருந்து ஆலை. படப்பிடிப்புக்கு முன் பேகன் தம்மை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மாறி வந்த மாணவர் என்று சொல்லிக்கொண்டு பேசன் பள்ளியில் சேர்ந்தார். பங்கேற்பு உற்றுநோக்கல் என்று மானிடவியலார் சொல்லும் முறை இது. ஒரு நாளைக்கு மேல் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதே பள்ளியின் மாணவர்கள் விடாமல் அழைத்ததால் 2024 ஏப்ரலில் மீண்டும் போனார்.

யூட்டா யாருடைய நாடு? மார்மன்களுடையது. மது, புகையிலை, காப்பி, தேநீர் அனைத்தையும் விலக்கிய அந்தச் சமயத்தார் ஒன்றை மட்டும் விலக்கவில்லை: ஆட்டம். அவர்களை மேற்கே நடத்திச்சென்ற பிரிகம் யங் ஆட்டப் பிரியர். மகிழ்ச்சியாக இருந்தால் ஆடித் துதியுங்கள் என்ற கருத்து 1847இல் அவர் வழியாக வந்த அருள்வாக்கிலேயே இருக்கிறது. வண்டி கட்டிப் பாலைவெளியைக் கடந்தவர்கள் இரவில் பிடிலுக்கு ஆடினார்கள். 1893இல் பெரும் உப்பு ஏரியின் கரையில் சால்டேர் என்ற கேளிக்கை மாளிகையை அத்திருச்சபை எழுப்பியபோது அதன் பெருமையே நடனத் தளம்தான். பேசன் இருக்கும் அதே மாவட்டத்தின் புரோவோ நகரில் அவர்களுடைய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பால்ரூம் நடனக் குழு இங்கிலாந்தின் பிளாக்பூல் வரை போய்ப் பட்டம் வென்று வருவது. சபை மண்டபங்களில் இளைஞர்களுக்கு நடன விருந்து நடத்துவது அங்கே சபையின் வழக்கமான வேலை.

சிக்கல் அவிழ்ந்துவிட்டது. ஆடத் தடைபோட்ட ஊராக நடிக்க, சபையே முன்னின்று ஆடச் சொல்லும் நாட்டைப் பிடித்திருக்கிறார்கள். துணை நடிகர்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பலர். சட்டம் ஒக்லஹோமாவினுடையது, கால்கள் யூட்டாவினுடையவை. தாத்தாவும் பாட்டியும் ஆடி வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் 'கேமரா ஓடும்போது ஆடத் தெரியாததுபோல நில்லுங்கள்' என்று சொன்னால் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? ஒரு சண்டைக்காட்சி முடியும்வரை நின்றார்களே, அதுவே அரும்பெரும் நடிப்பு.

எதிர்மறைச் சான்றுகளும் இக்கொள்கையையே தாங்குகின்றன. படத்தில் ஆடத் தெரியாதவர் யார்? கிறிஸ் பென். நிஜமாகவே அவருக்கு ஆட வராததால்தான் பயிற்சிக் காட்சியே சேர்க்கப்பட்டது. பிறந்தது லாஸ் ஏஞ்சலஸ், யூட்டா அன்று. மாற்றாள் நால்வர் தேவைப்பட்டது யாருக்கு? பேகனுக்கு. ஃபிலடெல்ஃபியா, யூட்டா அன்று. லோரி சிங்கர் டெக்சாஸ்காரரானாலும் சமாளித்தார் என்றால், அவர் முறையாகப் பயின்ற செல்லோ கலைஞர். தாளம் கையில் இருந்தது, காலுக்கு இறங்கிவிட்டது. சாரா ஜெசிகா பார்க்கர் ஒஹையோவில் பிறந்தும் நன்றாக ஆடுகிறார். ஒவ்வொரு நல்ல விதிக்கும் ஒரு புறனடை தேவை என்பதால் அவரைப் புறனடையில் வைத்தோம்.

'ஒரே ஒரு படத்தை வைத்து விதி செய்யலாமா' என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். அவர்களுக்காகவே 2011இல் இப்படம் மறுபடி எடுக்கப்பட்டது போலும். இயக்கியவர் கிரெய்க் புரூவர். இம்முறை யூட்டாவை விட்டுவிட்டு ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனார்கள். மண்ணின் கொடை இல்லாத இடத்தில் ஆட்டம் வருமா என்ற அச்சம் தயாரிப்பாளர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். ஆகவே ரென் வேடத்துக்கு மேடை நடனத்தையே பிழைப்பாகக் கொண்ட கென்னி வோர்மால்டை அமர்த்தினார்கள். அதுவும் போதாதென்று ஏரியல் வேடத்துக்குப் பால்ரூம் நடனக்காரர் ஜூலியன் ஹஃப்பை வரவழைத்தார்கள். அவர் மார்மன் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த மாநிலம் எதுவென்று இந்நேரம் வாசகரே எழுதிக்கொண்டிருப்பார்.